பொந்தை விட்டு வெளியே வந்த ஆந்தைக் குஞ்சுகள்: எப்படிக் கவனிப்பது, எப்போது கை கொடுப்பது?

வீட்டை ஒட்டி நிற்கும் பழைய மரத்தின் பொந்திலிருந்து சில நாட்களாக மாலை வேளையில் மூன்று சின்ன ஆந்தைகள் வெளியே வந்து கிளையில் வரிசையாக உட்காருகின்றன, ஆளைக் கண்டால் தலையை ஏற்றி இறக்கி உற்றுப் பார்க்கின்றன, இரவெல்லாம் சீறுவது போல ஒரு சத்தம் ஓயாமல் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் காலையில் அவற்றில் ஒன்று தரையில் இருந்திருக்கிறது. அது பெற்றோரை இழந்த குஞ்சா, இறைச்சித் துண்டு வைக்கலாமா, படம் எடுக்கலாமா, தொல்லை தராமல் எப்படிப் பார்ப்பது என்பவை உங்கள் கேள்விகள். மைனா அளவு, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கண் என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவை புள்ளி ஆந்தைகள். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி கூகைக்கும் (இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட ஆந்தை) மற்ற ஆந்தைகளுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

தரையில் இருந்த குஞ்சைப் பற்றி முதலில் பேசலாம், அவசரம் அதில்தான் இருக்கிறது. நல்ல மனசுள்ளவர்கள் தெரியாமல் கெடுதல் செய்துவிடுவதும் இந்த இடத்தில்தான். பல வகை ஆந்தைகளின் குஞ்சுகள் சரியாகப் பறக்கப் பழகும் முன்பே கூட்டை விட்டு வெளியேறிவிடும். கிளைக்குக் கிளை தாவும், நழுவும், சில நேரம் கீழே விழும். விழுந்த குஞ்சு கையாலாகாமல் கிடக்காது. நகத்தை மரப்பட்டையில் ஊன்றி, அலகால் பிடித்து, சிறகை அடித்துக்கொண்டே சாய்ந்த தண்டில் மேலேறிவிடும். பார்த்தால்தான் நம்ப முடியும், அவ்வளவு விடாப்பிடியாக ஏறும். ஏற முடியாவிட்டாலும் பல வகைகளில் பெற்றோர் அதன் குரலை வைத்து இருக்குமிடம் கண்டு அங்கேயே இரை கொண்டுவரும் (கூகை அப்படிச் செய்வது அரிது). பகலில் தாய் தந்தை கண்ணில் படவில்லை என்பதால் கைவிட்டுவிட்டன என்று முடிவு செய்யாதீர்கள். அவை பக்கத்திலேயே இலை மறைவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே குஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, கண் திறந்திருக்கிறது, கிட்டே போனால் உடம்பை உப்பிக்கொண்டு அலகைச் சொடுக்கிச் சத்தம் எழுப்புகிறது என்றால் அது நன்றாக இருக்கிறது. பின்வாங்கி வந்துவிடுங்கள். பூனை, நாய், வண்டி போகும் பாதை என்று பக்கத்தில் ஆபத்து இருந்தால் மட்டும் ஒரு துண்டைப் போர்த்தி மென்மையாக எடுத்து, அருகிலுள்ள தாழ்ந்த கிளையில் நகம் பிடிக்கும்படி வைத்துவிடலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று சொல்வார்கள், அது உண்மையில்லை. பெற்றோர் குஞ்சைத் தேடுவது குரலாலும் கண்ணாலும்தான்.

இறக்கை ஒரு பக்கம் தொங்குகிறது, ரத்தம் தெரிகிறது, எறும்போ ஈயோ மொய்க்கிறது, தொட்டாலும் கண் திறக்கவில்லை, பூனை கவ்விக்கொண்டு வந்தது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். பூனைப்பல் பட்ட காயம் வெளியே ஒரு புள்ளி அளவுதான் தெரியும், ஆனால் அதன் எச்சிலில் உள்ள பாக்டீரியா சின்னப் பறவையைச் சீக்கிரமே கொன்றுவிடும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, இருட்டாகவும் அமைதியாகவும் இருக்கும் இடத்தில் மூடி வையுங்கள். பிறகு காட்டுயிர் மீட்பு மையத்தையோ வனத்துறையையோ பறவைகளுக்குச் சிகிச்சை தெரிந்த கால்நடை மருத்துவரையோ அழையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வீட்டிலேயே வளர்த்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். சிறு வயதில் மனிதர் கையால் வளர்ந்த ஆந்தை மனிதரையே தன் இனமாக எடுத்துக்கொள்ளும். பிறகு அதற்கு வேட்டையும் தெரியாது, ஜோடி சேரவும் தெரியாது. அனுமதியில்லாமல் வளர்ப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

ஒரு எச்சரிக்கை. குஞ்சைத் தூக்கும்போது தாய்ப்பறவை மேலிருந்து பாயலாம். புள்ளி ஆந்தை உருவில் சின்னது, பெரும்பாலும் கத்தி மிரட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். பெரிய ஆந்தைகள் அப்படியல்ல. புகழ்பெற்ற பிரிட்டிஷ் பறவைப் படக்காரர் எரிக் ஹாஸ்கிங், 1937-இல் ஒரு ஆந்தைக் கூட்டின் அருகே அதன் நகம் பட்டு இடது கண்ணை இழந்தார். சத்தமே இல்லாமல் வரும் பறவை என்பதால் தலையைத் திருப்பக்கூட நேரம் கிடைக்காது. குனியும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

சரி, இனி பார்ப்பதைப் பற்றி. ஆந்தைகளைக் கவனிப்பதற்குக் கருவியைவிட ஒழுங்கு முக்கியம். தினமும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளை அவை சீக்கிரமே சுற்றுப்புறத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளும். இன்று மரத்தடி, நாளை மாடி, மறுநாள் ஏணி என்று மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு நாளும் நீங்கள் புது ஆபத்துதான். உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து மரம் தெரியுமானால் அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. அறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே தள்ளி உட்காருங்கள். பொழுது சாய்வதற்கு முன்னரே இடம் பிடித்துவிடுங்கள். அவை வெளியே வந்த பிறகு நீங்கள் நடந்து வந்தால் முதல் கால் மணி நேரம் பாழாகும். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்பு லென்ஸ் உள்ளது மங்கிய வெளிச்சத்திற்கு நன்றாகப் பொருந்தும்.

டார்ச் அடிக்காதீர்கள். ஆந்தையின் கண் மிகக் குறைந்த வெளிச்சத்தைப் பிடிப்பதற்காக அமைந்தது. திடீர் ஒளி பட்டால் சிறிது நேரம் அதற்குச் சரியாகப் பார்வை தெரியாது. அப்போதுதான் தாவப் பழகும் குஞ்சுக்கு அந்தச் சிறிது நேரம் ஒரு விழுகைக்குப் போதும். கேமரா ஃபிளாஷும் இதே கதைதான். மாலை வெளிச்சம் மிச்சமிருக்கும்போது ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) கூட்டி எடுக்கிற படமே போதுமான அளவு நன்றாக வரும். போனில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். இன்னொரு ஜோடி எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடவேண்டிய நேரத்தில் பெற்றோர் சண்டைக்குக் கிளம்பிவிடும். படத்தைப் பகிரும்போது இடத்தைக் குறிப்பிடாதீர்கள். ஆந்தைகளைப் பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர்த்துவிட்டாலும், நல்லெண்ணத்தோடு வரும் கூட்டம் ஒன்றே ஒரு கூட்டைக் காலி செய்யப் போதும்.

அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோமா என்பதைப் பறவையே சொல்லிவிடும். உடம்பை ஒடுக்கி நீளமாக்கிக்கொண்டு, கண்ணைக் கீற்றளவு மூடி, தண்டோடு ஒட்டி நின்றால் அது ஒளியப் பார்க்கிறது என்று பொருள். இன்னும் தெளிவான அடையாளம், தாயோ தந்தையோ அலகில் இரையை வைத்துக்கொண்டு குஞ்சிடம் வராமல் தள்ளி உட்கார்ந்திருப்பது. உங்களால்தான் அந்த வேளை சாப்பாடு தாமதமாகிறது. உடனே எழுந்து போய்விடுங்கள், மறுநாள் இன்னும் தள்ளி உட்காருங்கள்.

தலையாட்டலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆந்தையின் கண் உருண்டையாக இல்லாமல் குழாய் வடிவில் எலும்பு வளையத்துக்குள் இறுகி அமைந்திருப்பதால், நம்மைப் போல அதனால் விழியை உருட்ட முடியாது. பார்வையைத் திருப்ப வேண்டுமென்றால் தலையையே திருப்ப வேண்டும். அதற்காகத்தான் கழுத்தில் 14 எலும்புகள், நமக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஒரு பக்கமாக ஏறக்குறைய 270 பாகை வரை தலை திரும்பும். மேலும் கீழுமாக, பக்கவாட்டில், வட்டமாகத் தலையை நகர்த்தும்போது ஒரே பொருளைப் பல கோணங்களிலிருந்து பார்த்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. குஞ்சுகள் இதைப் பெரியவற்றைவிட அதிகமாகச் செய்யும், எல்லாமே அவற்றுக்குப் புதிது. அசையும் இலை, ஊரும் பூச்சி, உங்கள் முகம் எல்லாவற்றையும் பார்த்து ஆட்டினால் அது ஆராய்கிறது. வளர்ந்த புள்ளி ஆந்தை உங்களை மட்டும் குறிவைத்து வெடுக் வெடுக்கென்று குனிந்து நிமிர்ந்து கத்தினால் அது விரட்டுகிறது. இரண்டு மாலை கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

மூன்றும் ஒரே அளவில் இல்லையே என்று நீங்கள் கவனித்திருக்கக் கூடும். ஆந்தை எல்லா முட்டையையும் இட்டு முடித்த பிறகு அடைகாக்கத் தொடங்குவதில்லை. பெரும்பாலும் முதல் முட்டையிலிருந்தே உட்கார்ந்துவிடும். கூகை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டை இடும், அதனால் ஒரே கூட்டில் மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் இரண்டு வாரம்கூட வித்தியாசம் வரும். இரை ஏராளமாகக் கிடைக்கும் ஆண்டில் எல்லாம் பிழைக்கும். பஞ்சமான ஆண்டில் சின்னது வளராமல் போய்விடும். மூத்தவை அதைத் தின்றுவிடுவதும் உண்டு. பார்க்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் எத்தனை எலியும் பூச்சியும் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியாத ஒரு பறவை அதற்கேற்பக் குடும்ப அளவைச் சரிசெய்துகொள்ளும் வழி அது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் ஆந்தைகளுக்கு அநியாயம் செய்தவனாவேன். இரவெல்லாம் கேட்கும் அந்தச் சீறல் பெற்றோரிடம் சோறு கேட்பது மட்டுமல்ல. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாந்தர் ரூலனும் அவருடைய குழுவும் பல ஆண்டுகள் கூகைக் குஞ்சுகளின் குரலைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். பெற்றோர் வெளியே போயிருக்கும் நேரத்திலும் குஞ்சுகள் தங்களுக்குள் குரல் கொடுத்துக்கொள்கின்றன. அதிகம் பசித்த குஞ்சு அடிக்கடி, நீளமாகக் கத்தும். மற்றவை அதைக் கேட்டுத் தங்கள் குரலைக் குறைத்து, அடுத்த இரையை அதற்கு விட்டுக்கொடுக்கும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடாமல் முறை வைத்துக் கத்துவதையும், பெரிய குஞ்சு சில நேரம் தன் இரையைச் சின்னதற்கு ஊட்டுவதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது கூகை, உங்களுடையது வேறு இனம். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள். வேறு வேறு திசையிலிருந்து வரும் குரல்களைப் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் எது எங்கே இருக்கிறது, எது இப்போதுதான் சாப்பிட்டது என்று பார்க்காமலே சொல்ல முடியும். இரை வந்த கணத்தில் ஒரு குரல் உச்சத்துக்கு ஏறிச் சட்டென்று நின்றுவிடும். தூக்கம் கெடுகிறது என்று வருந்த வேண்டாம், சில வாரங்களில் தானாக நின்றுவிடும்.

பகலில் அவை தூங்குவதையும் பாருங்கள். ரொம்பச் சின்னக் குஞ்சுகளின் தலை உடம்புக்கு மிகவும் கனம். அதனால் குப்புறப் படுத்து முகத்தைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் தூங்கும். கால் இரண்டும் பின்னால் நீட்டியிருக்கும், செத்துவிட்டதோ என்று பதற வைக்கும். கூகைக் குஞ்சுகளின் மூளை அலைகளைப் பதிவு செய்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. மனிதக் குழந்தைகளைப் போலவே அவையும் இளம் வயதில் கனவுத் தூக்கம் எனப்படும் நிலையில் அதிக நேரம் இருப்பதும், வளர வளர அது குறைவதும் அதில் தெரிந்தது.

இனி வரும் வாரங்களில் மாற்றம் வேகமாக நடக்கும், அதனால் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்வேன். எல்லாவற்றையும் எழுத வேண்டாம். சூரியன் மறைந்து எவ்வளவு நேரம் கழித்து முதல் குஞ்சு தலை காட்டியது, பொந்திலிருந்து எவ்வளவு தூரம் போனது, யார் இரை கொண்டுவந்தது, என்ன இரை, இந்த நான்கும் போதும். முதலில் உட்கார்ந்த இடத்திலேயே சிறகை அடித்துப் பழகும். பிறகு பக்கத்துக் கிளைக்குத் தாவல். இறங்குமிடம் தவறி, மெல்லிய கொப்பில் தலைகீழாகத் தொங்கி, நிமிர்ந்து மறுபடி முயலும். கொஞ்ச நாளில் சருகு, குச்சி, உதிர்ந்த இறகு என்று கிடைத்ததன் மேலெல்லாம் பாயும். அது விளையாட்டும் வேட்டைப் பயிற்சியும் சேர்ந்தது. பிறகு ஒரு மாலை உண்மையாகவே ஒரு வண்டையோ ஈசலையோ பிடித்துவிடும். புள்ளி ஆந்தையின் உணவில் பூச்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு, பல்லியும் சுண்டெலியும் அதற்கு மேல். ஈசல் புறப்படும் மாலை வாய்த்தால் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், குடும்பம் முழுவதும் ஒன்றாக வேட்டையாடுவதைப் பார்க்கலாம். விளக்குக் கம்பத்தைச் சுற்றும் பூச்சிகளுக்கும் வரும்.

பெற்றோர் இரை கொண்டுவருவது படிப்படியாகக் குறையும். குஞ்சுகள் கெஞ்சிக்கொண்டே பின்னால் பறந்து போவதும், தாய் எழுந்து வேறு மரத்துக்குப் போய்விடுவதும் நடக்கும். பட்டினி போடுகிறதே என்று நீங்கள் தட்டில் கறி வைக்கத் தோன்றுகிற நேரம் இதுதான். வைக்காதீர்கள். ஆந்தை இரையை எலும்பும் தோலுமாக முழுதாக விழுங்கும் பறவை. வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து போதாது, வளரும் குஞ்சின் எலும்பு வளைந்துவிடும். அந்தக் கறியைத் தேடிக் காக்கையும் பூனையும் வரும். எல்லாவற்றையும்விட, தானாகப் பிடிக்கக் கற்கவேண்டிய வாரங்கள் வீணாகும்.

மரத்தடியில் சாம்பல் நிறத்தில் விரற்கடை நீள உருண்டைகள் கிடந்தால் அவை எச்சமல்ல. செரிக்காத எலும்பு, உரோமம், பூச்சி ஓடு எல்லாவற்றையும் இரைப்பை சுருட்டி வைக்க, பறவை வாய் வழியாகக் கக்கிப்போட்டவை. கையுறை போட்டு எடுத்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் நேற்றிரவு என்ன சாப்பிட்டது என்று தெரியும். புள்ளி ஆந்தையின் உருண்டையில் வண்டின் பளபளப்பான ஓடுகள் இருக்கும். கூகையுடையது பெரிதாக, கறுப்பாக, முழு மண்டை ஓடுகளோடு இருக்கும். குழந்தைகள் இருந்தால் இதைச் செய்யவிடுங்கள், பிறகு கையை சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்யக்கூடிய உதவி உண்மையில் வீட்டைச் சுற்றித்தான் இருக்கிறது. எலி மருந்தை நிறுத்துவது எல்லாவற்றிலும் முக்கியம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்துகளைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தளர்ந்து நடமாடும், அப்போது ஆந்தைக்கு எளிதாக மாட்டும். விஷம் அப்படியே ஆந்தையின் கல்லீரலில் சேரும். புரோமடியோலோன், புரோடிஃபாகும் போன்றவை இந்த வகை. எலித் தொல்லை இருந்தால் பொறி வையுங்கள். குஞ்சுகள் பறக்கப் பழகும் வாரங்களில் பூனையை மாலை முதல் விடியும்வரை வீட்டுக்குள் வையுங்கள். திறந்த தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பலகையை மிதக்கவிடுங்கள். குளிக்க இறங்கும் இளம் ஆந்தைகள் வழுவழுப்பான விளிம்பைப் பிடித்து ஏற முடியாமல் மூழ்கிவிடும். மரத்தின் மேல் நேராக விழும் வெளி விளக்கு இருந்தால் அணைத்துவிடுங்கள். பட்ட கிளைகளை வெட்டச் சொல்லி யாராவது வந்தால் இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள், குஞ்சுகள் முதலில் உட்கார்ந்து பழகுவது அந்த இலையில்லாத கிளைகளில்தான்.

ஒருநாள் மூன்று இரண்டாகும், பிறகு ஒன்றுமே இருக்காது. சில குஞ்சுகள் வல்லூறுக்கோ பூனைக்கோ இரையாகியிருக்கலாம். ஆந்தைகளில் முதல் ஆண்டைக் கடக்காமல் போவதுதான் அதிகம். ஆனால் காணாமல் போனதெல்லாம் செத்ததாகாது. தன்னால் வேட்டையாட முடிந்ததும் இளசுகள் பெற்றோரின் எல்லையை விட்டு வெளியேறித் தனக்கென்று இடம் தேடிப் போகும். பகலில் மைனாக்களும் அணில்களும் ஒரு புதரைப் பார்த்துக் கூச்சலிட்டால் அங்கே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் உள்ளே ஒரு ஆந்தை இருக்கும்.

பெற்றோர் ஜோடி அதே மரத்தைச் சுற்றியே இருக்கும், நல்ல பொந்து என்றால் அடுத்த பருவத்திலும் அதையே எடுத்துக்கொள்ளும். அப்போது மட்டும் இப்போதைவிட அதிகம் தள்ளி இருங்கள். குஞ்சு பொரித்துவிட்டால் பெற்றோர் லேசில் விட்டுப் போகாது. முட்டையிடுவதற்குச் சற்று முன்பும் அடைகாக்கும் முதல் நாட்களிலும்தான் சின்னத் தொல்லைக்கும் கூட்டைக் கைவிட்டுவிடும். மாலையில் இரண்டும் பொந்தருகே மாறி மாறிக் கத்துவதும், ஒன்று மற்றதன் தலை இறகைக் கோதிவிடுவதும் தெரிந்தால், ஏணியை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பொந்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். ஜன்னலிலிருந்து மட்டும் பாருங்கள்.